மூடியில் கட்டிய நூல்

ராணுவக் குடியிருப்பில் ரகசியம் தங்காது. சுவர்கள் அத்தனை மெல்லிசு. மூன்றாம் வரிசையில் மேஜர் தும்மினால் ஐந்தாம் வரிசையில் மாத்திரை சிபாரிசு செய்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், மேஜர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தெரியாமலா போகும்? அவர் மனைவி குப்பைக்கூடையை வெளியே வைத்தபோதே எதிர்வீட்டுக் கண்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டன. தட்டோடு கவிழ்த்த சாப்பாடு.

காரணமும் தெரியும். பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் வெயிலில் விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஆனால் குடியிருப்புக்குத் தெரிந்தது பாதிதான். மீதி இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்: மேஜருக்கும் அவருடைய சார்ஜென்ட்டுக்கும்.

மேஜரின் சிவப்பு நூல் ஊரறிந்த விஷயம். நெடுநடைப் பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு பையனின் தண்ணீர்ப் புட்டி மூடியிலும் அதைச் சுற்றி முடிச்சுப் போடச் செய்வார். அவர் சொல்லும்வரை நூல் அறுபடக் கூடாது. ஒருவன் அறுத்தாலும் மொத்த அணியும் முதலிலிருந்து நடக்க வேண்டும். "புட்டிக்குப் பூட்டுப் போடுற மகராசன்" என்று பெண்கள் குழாயடியில் சிரித்ததுண்டு.

சிரித்தவர்கள் போருக்குப் போனவர்கள் இல்லை. அங்கே ஒரு மொட்டை மலையில் மேஜரின் படை மாட்டிக்கொண்டது. முதல் நாளே புட்டியைக் காலி செய்தவர்கள் தாகம் தாங்காமல் அடிவாரத்து ஓடைக்கு இறங்கினார்கள். ஓடையைக் குறிவைத்து எதிரி காத்திருந்தான். யாரும் திரும்பவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு மேஜர் தன் கையாலேயே மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்து உயிரோடு கூட்டிவந்தார். தொடையில் குண்டு பாய்ந்த சார்ஜென்ட்டை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நூல் அந்த மலையிலிருந்து வந்தது. அது ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

செத்த பையனுக்குக் கழுத்து நீளம். ஒட்டகம் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள், மேஜர் உட்பட. அன்று உச்சி வெயிலில், கல் குவாரி தாண்டியதும் அவன் உட்கார்ந்துவிட்டான். சார்ஜென்ட் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"சார், ஒட்டகம் ஏதேதோ உளர்றான். வேர்வை நின்னுபோச்சு. நூலை அறுத்துடட்டுமா?"

மேஜர் பாலத்தருகே மர நிழலில் ஜீப்பில் இருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒட்டகத்துக்கே தாகமா? நடக்கச் சொல்லுய்யா. பாலத்துல குடிக்கலாம்."

பையன் எழுந்து நடந்தான். பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விழுந்தான். சுற்றி நின்ற அத்தனை பேர் இடுப்பிலும் தண்ணீர் இருந்தது. ஒருவன் கையும் மூடிக்குப் போகவில்லை. சார்ஜென்ட்தான் தன் புட்டியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து ஊற்றினார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் சார்ஜென்ட் மேஜர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வயர்லெஸ் வேலை செய்யலைன்னு சொல்லிடறேன் சார். அறுக்காதது என் முடிவு. உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும். மேஜரின் நாக்கு நுனிவரை அது வந்ததாம். வெளியே வந்தது வேறு.

"டீ குடிக்கிறியாய்யா?"

"இல்ல சார், வீட்டுல காத்துட்டு இருப்பாங்க" என்று அவர் போய்விட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "ஏங்க, என்னவாம்?"

"வயர்லெஸ் ரிப்பேராம்."

"எப்பலேர்ந்து?"

அவர் வாசல் கதவைச் சாத்தினார். அவளும் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு விட்டாள்.

விசாரணை அறையில் நீள மேசை, அதன் நடுவே ஒட்டகத்தின் புட்டி. முழுதாக நிறைந்தபடி, நூல் முடிச்சு கலையாமல். அங்கே இளையவர் முதலில் பேசுவது வழக்கம். பெரியவர் சொன்னதற்கு ஏற்ப ஜால்ரா போட்டுவிடக் கூடாதே என்பதற்காக. ஆகவே சார்ஜென்ட் முதலில் எழுந்தார். சத்தியம் செய்தார். சொன்னபடியே சொன்னார். குரல் பிசகவில்லை.

கர்னல் புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். "பாவம். கடைசிவரைக்கும் எவ்வளவு கட்டுப்பாடான பையன்!"

மேஜர் எழுந்துவிட்டார். இன்னும் அவரைக் கூப்பிடவே இல்லை.

"கட்டுப்பாடு இல்ல சார். என்மேல பயம். வயர்லெஸ் நல்லாத்தான் இருந்துது. சார்ஜென்ட் கேட்டார். நான் வேண்டாம்னுட்டேன்."

சார்ஜென்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். நன்றிப் பார்வை இல்லை அது.

"என்ன வார்த்தை சொன்னீங்க?" என்றார் கர்னல்.

மேஜர் சொன்னார். ஒட்டகம், தாகம், பாலம், எல்லாவற்றையும். தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல்கள் நின்றன. கர்னல் மெல்லக் குரலைத் தாழ்த்தினார். "அனுமதி மறுக்கப்பட்டதுன்னு போட்டாப் போதும். அந்தக் கேலியெல்லாம் எதுக்கு? பெத்தவங்க படிப்பாங்க."

"போடுங்க சார். அதுதான் நான் கொடுத்த உத்தரவு."

குழாயடியில் அன்று மேஜர் மாமனிதர் ஆகிவிட்டார். பதவி போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்ன தீரர் என்று, முந்தின நாள்வரை அவரைக் கொலைகாரன் என்ற அதே வாய்களே சொல்லின. மறுநாள்தான் அடுத்த சேதி வந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காக சார்ஜென்ட் மீதும் தனி நடவடிக்கை. சட்டைக் கையிலிருந்த பதவிக் கோடுகள் போய்விடும். வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

அவர் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது மேஜர் போனார். வரிசை முழுவதும் ஜன்னல் திரைகள் விலகின. மேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார்ஜென்ட் ஒரு நாற்காலியைக் கீழே வைத்தார். பழக்க தோஷம், விறைப்பாக நின்றார்.

"உண்மையைச் சொன்னது தப்பில்ல சார். அன்னைக்கு டீ வேணுமான்னு கேட்டீங்களே, அப்பவே சொல்லியிருந்தா நானும் உண்மையையே சொல்லியிருப்பேன்."

நாற்காலியை வண்டியில் ஏற்றத் தூக்கினார். அதன் மறுகாலைப் பிடிக்க மேஜர் கை நீட்டினார்.

"விடுங்க சார். நான் பாத்துக்கறேன்."