கீழே இருந்த கார்டு

மேஜைக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டரை வெளியே இழுத்து அதன் பக்கத் தகட்டைக் கழற்றியபோது அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, பெரியவன், சின்னவனின் மனைவி. கதவுக்கு வெளியே அத்தை நின்றாள். சின்னவன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான்.

முந்தின நாள் மாலை அந்த மேஜைக்கு முன்னால்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அமளியில் கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது.

“என்ன பண்ணுது இது?” என்றார் அப்பா.

“அவரோட பொம்மைப் படம் மாமா. மூணு வருஷ உழைப்பு. கடைசிக் காட்சி இப்பதான் உருவாகிட்டு இருக்கு. காலைல முடிஞ்சிடும்.”

“காலைல நான் இங்க இருக்க மாட்டேன்” என்றான் பெரியவன், அப்பாவிடம். “படம் ஓட்ட உள்ள இருக்கற ரெண்டு கிராபிக்ஸ் கார்டுல ஒண்ணுதான் என்னுது. மிச்சம் ஒண்ணு இருக்கில்ல, அதுல ஓடட்டும்.”

“ஒண்ணுல இந்தக் காட்சி அடங்காது மாமா. திறக்கவே திறக்காது. அதனாலதான் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கி, ரெண்டையும் பாலம் போட்டுச் சேத்தாரு. ஒரு ராத்திரி இருக்கட்டும்னு சொல்லுங்க.”

இருவரும் அப்பாவைப் பார்த்தே பேசினார்கள்.

“இன்னிக்கு விட்டா அப்புறம் கேக்கறது அசிங்கமாயிடும்பா.”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. இந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு பொருளை இரண்டாம் முறை கேட்டதில்லை. அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

“உள்ள என்னடா ஒரே காத்தாடிச் சத்தம்?” என்றாள் அத்தை வெளியிலிருந்து. “கூடத்துல நாங்க வேர்த்து வழியறோம், உங்களுக்கு மட்டும் ஏசியா?”

“ஒண்ணுமில்ல. போ, வர்றோம்” என்றார் அப்பா.

பெரியவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். பச்சைக் கோடு மறைந்தது. உள்ளிருந்த காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அதன் பிறகுதான் கூடத்து அழுகை எவ்வளவு பலமானது என்று தெரிந்தது.

அப்பா டார்ச்சைப் பிடித்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு கார்டுகள். பெரியவன் பாலத்தைப் பிடுங்கிவிட்டு மேலே இருந்ததில் கை வைத்தான்.

“அது அவரோடது. கீழ இருக்கறதுதான் உங்க பெரிய பிள்ளையோடது மாமா.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றார் அப்பா.

“கீழ் கார்டோட அனலெல்லாம் மேல் கார்டுக்குத்தான் ஏறும். அண்ணன் பொருள் வேகக்கூடாதுன்னு அதைக் கீழ வெச்சாரு.”

டார்ச் வெளிச்சம் சற்று விலகி, மறுபடி இடத்துக்கு வந்தது.

“அப்ப மேல இருக்கறது நல்லா அடி வாங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு, பெரியவன் கையைக் கீழ்க் கார்டுக்கு மாற்றினான்.

இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். கார்டுகள் செருகியிருந்த பலகை முனகியது.

“ஒடைக்க வேண்டாம்னு சொல்லுங்க மாமா. ஓரத்துல கொக்கி இருக்கு.”

அவளே மண்டியிட்டு இரண்டு வயர்களைப் பிரித்தாள். திருகுகளைக் கழற்றினாள். கொக்கியை விரலால் அழுத்தி, கார்டைப் பூப்போல எடுத்தாள். அது இன்னும் சுட்டது. மேலிருந்த தூசியை ஊதினாள்.

“அப்படியே கையில எடுத்துட்டுப் போகாத. நாலு பேர் பாப்பாங்க” என்ற அப்பா, கட்டிலிலிருந்த தலையணையின் உறையை உருவி நீட்டினார். தலையணையில் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது.

பெரியவன் உறைக்குள் கார்டைப் போட்டு முடிச்சிட்டான். அப்பா தாழை எடுத்தார்.

தம்பி பெட்டிக்குள் கிடக்கும்போதே அண்ணன் கார்டைப் பறித்தான், தம்பி மனைவி கூச்சலிட்டு ஊரைக் கூட்டினாள் என்று அத்தை வழியாக உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். யாரும் பறிக்கவில்லை, அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். அப்பா வெளிச்சம் காட்டினார். யாரும் குரலை உயர்த்தவில்லை.