பெயர் எழுதாத அட்டை

ஓர் அலுவலகத்தில் பத்து விரலும் ஒழுங்காக வேலை செய்கிற ஒருத்தி இருந்துவிட்டால் போதும், மற்றவர்களுக்குத் தங்களுக்கும் கை இருப்பதே மறந்துபோகும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் இரண்டாம் மாடியில் அந்த ஒருத்தி அச்சக்கா. வீட்டில் வைத்த பெயர் வேறு. ரப்பர் கட்டியில் பூவும் இலையும் செதுக்கி, மையில் ஒற்றி, அட்டையில் அச்சுக் குத்தி வாழ்த்து அட்டை செய்கிறாள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அச்சக்கா. அவள் சம்பளம் வாங்குவது புகார் மேஜைக்கு. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று போனில் யார் கத்தினாலும், அந்தக் கத்தலை முதலில் வாங்கிக்கொள்வது அவளுடைய காதுதான்.

யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் வேலையை விட்டுப் போகிறார்கள், எதுவானாலும் அச்சக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அட்டை வந்துவிடும். அதற்கு ஒரு முறை இருந்தது. அட்டை உறைக்குள் ஒளிந்து மேஜை மேஜையாகப் போகும். எல்லாரும் உள்ளே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கான அட்டையோ அவர் கண்ணில் மட்டும் படக் கூடாது. அவர் அந்தப் பக்கம் வந்தால் அட்டை சட்டென்று ஃபைலுக்கு அடியில் போய்விடும். கடைசியாக அச்சக்காவிடம் வரும். மை ஈஷிக்கொண்டிருக்கிறதா, எவனாவது டீ கிளாஸை மேலே வைத்துத் தொலைத்திருக்கிறானா என்று பார்த்து, சரிசெய்து, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டு உறையை ஒட்டுவாள்.

ஒரு நாள் மேனேஜர் தானே எழுந்து அவள் மேஜைக்கு வந்தார். அவர் எழுந்து வருகிற ஆள் இல்லை.

"ஒரு ஃபேர்வெல் கார்டு வேணும். நல்லா பெருசா பண்ணுங்க. ரொம்ப நாள் இருந்தவங்க."

"யாருக்கு சார்?"

"அது இப்ப வேண்டாம். பேர் போடற இடத்த மட்டும் காலியா விட்டுடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

இதில் மர்மம் என்ன வேண்டிக்கிடக்கிறது, போர்மேன் ஐயாவுக்குத்தானே என்று அச்சக்கா நினைத்துக்கொண்டாள். அவருக்கு ஓய்வு பெறும் வயது. போனில் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவருக்கு என்றால் ஏனோதானோ என்று செய்ய மனம் வருமா? வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை முழுக்க அவள் கடை பரப்பினாள். முன் அட்டையில் ஒரு உயரமான கட்டடம். ஜன்னல்களுக்கு ஒரே ஒரு சதுர அச்சு, அதையே வரிசை வரிசையாகக் குத்தினாள். மை ஈரம் காய்வதற்குள் மேலே பொன்னிறப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்றைக் காட்டினாள். பொடி உருகி ஒவ்வொரு ஜன்னலும் விளக்குப் போட்டதுபோல் மேடாக எழுந்தது. கட்டடத்தின் நடுவில் ஒரு பிளவு வெட்டி, பின்னால் ஒரு பட்டையைச் செருகினாள். பட்டையை இழுத்தால் தீப்பெட்டி அளவில் ஒரு காகித லிஃப்ட் கீழிருந்து மேலே ஏறும். அது தட்டுத் தடங்கல் இல்லாமல் ஏறுவதற்குள் மூன்று பட்டைகள் குப்பைக்குப் போயின.

"ஓசியில எதுக்கும்மா இவ்ளோ பாடுபடற?" என்றாள் கல்லூரி படிக்கும் மகள். "அவங்க யாராவது உனக்கு இப்படி ஒன்னு செஞ்சு குடுத்திருக்காங்களா?"

"அவங்களுக்குச் செய்யத் தெரியாதுடி."

"கடையில வாங்கவுமா தெரியாது?"

அச்சக்கா அட்டையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். கட்டடத்தின் அடியில் பெயருக்கு ஒரு பட்டை அளவு இடம் விட்டிருந்தாள். அந்த வெள்ளை இடம் மட்டும் பல் போன வாய் மாதிரி அவள் கண்ணை உறுத்தியது.

திங்கள்கிழமை அட்டை மேனேஜர் அறைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை அது சுற்ற ஆரம்பித்தது அவளுக்குத் தெரியும். அந்த உறையின் நிறம் தெரியாதா அவளுக்கு? பில் போடுகிறவர் மேஜையில் பார்த்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது அது ஃபைலுக்கு அடியில் போயிற்று. போர்மேன் ஐயா பக்கத்தில் எங்காவது நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லை.

மதியம் கேஷியருடன் சாப்பிட உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கேஷியரைவிட நெருக்கமானவர் யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். கேஷியரின் மாமியார் சண்டை முதல் மூட்டுவலி வரை அச்சக்காவுக்கு அத்துப்படி.

"கார்டு உன்கிட்ட வந்துச்சா?" என்று கேட்டாள் அச்சக்கா.

"எந்தக் கார்டு? இன்னும் வரல."

"சுத்திட்டுதான் இருக்கு. லிஃப்ட்ட இழுத்துப் பாரு, எப்படி ஏறுதுன்னு."

"வரட்டும், பாக்கறேன். நீ சாப்பிடு முதல்ல, ஆறிப்போகுது," என்றாள் கேஷியர். தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அச்சக்காவின் தட்டில் வைத்தாள்.

மறுநாள் ரிசப்ஷன் பெண் உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் துண்டுத் தாள் ஒட்டியிருந்தது.

"அக்கா, இழுத்தா வர மாட்டேங்குது. மாட்டிக்கிச்சு. கொஞ்சம் பாருங்களேன். ஆனா அந்த மஞ்சத் தாள மட்டும் எடுக்காதீங்க."

"எடுக்காம எப்படிடி பாக்கறது? அதுக்கு அடியிலதான் பட்டையே ஓடுது."

"ஐயோ, வேண்டாம்க்கா." வரவேற்பு மேஜையில் போன் அடித்தது. ஒரு நிமிஷம் தவித்துவிட்டு அவள் ஓடினாள்.

அச்சக்கா மஞ்சள் தாளைத் தூக்கினாள். தூக்கியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோந்து. எந்த மகராசனோ கோந்தைக் கொட்டிப் பெயரை ஒட்டியிருந்தான். காகிதம் சுருங்கி, ஓரத்தில் வழிந்து, பிளவுக்குள் இறங்கிப் பட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. இரட்டைப் பக்க டேப் மேஜைக்கு மேஜை கிடக்கும்போது கோந்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்தது இதற்குத்தானா? அந்தக் கோபத்தில் இருந்ததால் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்த எழுத்துகள் அவள் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அது அவளுடைய பெயர். இனிஷியலோடு. சம்பளச் சீட்டில் இருப்பதுபோல.

அவள் கை நிற்கவில்லை. அதுதான் பிறகு அவளுக்கே அவமானமாக இருந்தது. கத்தியின் நுனியை விட்டு, கோந்தை நெம்பி, பட்டையை விடுவித்து, கைப்பையிலிருந்த முகப்பவுடரைச் சிட்டிகை தூவி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். லிஃப்ட் சமர்த்தாக ஏறியது. மஞ்சள் தாளைத் திரும்ப ஒட்டினாள். உள்ளே திறந்து பார்க்கவில்லை. யாருக்கான அட்டையோ அவர் முன்கூட்டியே படிக்கிற வழக்கம் இல்லை.

ரிசப்ஷன் பெண் மூச்சுவாங்க வந்து நின்றாள். "சரியாயிடுச்சா அக்கா?"

"ஆயிடுச்சு. எடுத்துட்டுப் போ."

அடுத்து அவள் போனது மேனேஜர் அறைக்கு. கதவைத் தட்டவில்லை.

"போறது யாருன்னு தெரிஞ்சுடுச்சு சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். புகார் மேஜையை எடுக்கிறார்களாம். இனிமேல் போன் செய்தால் மிஷினே பேசுமாம். மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றை அழுத்தலாம், இரண்டை அழுத்தலாம். மேலிடத்து முடிவு, தன் கையில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு அன்றைக்கே மரியாதையாக அனுப்பிவைக்கலாம் என்றிருந்தாராம்.

"அதெல்லாம் சரி சார். என் கார்ட என்கிட்டயே செய்யச் சொன்னீங்களே?"

"நானும் யோசிச்சேம்மா," என்றார் மேனேஜர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "கடையில வாங்கலாம்னுதான் முதல்ல நினைச்சோம். எல்லாருக்கும் கையால செஞ்சது குடுத்துட்டு உங்களுக்கு மட்டும் கடைக் கார்டு குடுத்தா நல்லாவா இருக்கும்? உங்க தகுதிக்கு அது மரியாதை இல்லையே. உங்கள விட்டா இப்படிச் செய்ய இங்க யாரு இருக்காங்க?"

அச்சக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிண்டல் செய்கிறாரோ என்று தேடினாள். மனுஷன் கிண்டல் செய்யவில்லை. மனதாரச் சொன்னார். திட்டுவதற்கு ஒரு அயோக்கியன் கிடைத்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் தெரியுமா சார்?"

"கையெழுத்துப் போடணுமில்ல? சொல்லித்தானே ஆகணும்."

வீட்டில் சொன்னபோது மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கணவன் மட்டும் நிதானமாகப் பேசினான். நிதானம் அவனுக்குப் பிறவிக் குணம். கூரை எரிந்தாலும் முதலில் செருப்பைத் தேடுவான்.

"வெள்ளிக்கிழமை போ. குடுக்கறத வாங்கிக்கோ. சிரிச்ச முகமா ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடு. அடுத்த இடத்துல அந்த ஆளுக்குத்தான் போன் போட்டு விசாரிப்பாங்க. இந்த வயசுல நீ யாரப் பகைச்சுக்க முடியும்?"

"அது தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அவளுக்குத் தெரியும்தான். வேலை போயாயிற்று, அதை இனி யாரும் மீட்க முடியாது. போகிறவர் எழுந்து நின்று, தொண்டை அடைக்க, நீங்கள் எல்லாரும் என் குடும்பம் மாதிரி என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் கேக் தின்ன வேண்டும். அவளிடம் இன்னும் அவர்கள் வாங்க மீதி இருந்தது அந்த ஒரு நன்றி மட்டும்தான். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் இரண்டு நாளும் அவள் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். கேக் வந்திருந்தது. மேனேஜர் பேசினார். பொறுமையின் சிகரம் என்றார், நம் நிறுவனத்தின் குரல் என்றார். போர்மேன் ஐயா தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேஷியர் அதற்குள் கைக்குட்டையை எடுத்திருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து அன்போட குடுக்கற சின்னப் பரிசு," என்று மேனேஜர் அட்டையை நீட்டினார். கைதட்டினார்கள்.

அச்சக்கா வாங்கினாள். பட்டையை இழுக்கவில்லை, கட்டடத்தைப் பார்க்கவில்லை. அதில் பார்க்க அவளுக்கு என்ன இருக்கிறது? நேரே உள்ளே திறந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். யாரோ இருமினார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா," என்றார் மேனேஜர்.

"பேசறேன் சார். ஒரு சந்தேகம். இந்த வெளிப்பக்கம் நான் செஞ்சது. அதுக்கு நானே எனக்கு நன்றி சொல்லிக்க முடியாது. நீங்கல்லாம் குடுத்தது உள்ள எழுதியிருக்கறதுதான். எனக்குக் கண்ணாடி இல்லாம சரியா தெரியல. எழுதினவங்களே ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க."

அவள் மூக்கின் மேல்தான் கண்ணாடி இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கும்மா, கேக்க வெட்டிட்டு..." என்று மேனேஜர் இழுத்தார்.

"கேக் எங்கயும் போகாது சார்."

அட்டையை அவள் கேஷியரிடம் நீட்டினாள். கேஷியர் கையை மடியிலேயே வைத்திருந்தாள். அச்சக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் கேஷியர் வாங்கினாள்.

"படி."

"வேண்டாமே. ப்ளீஸ்."

"நீதானே எழுதின? படி."

கேஷியர் படித்தாள். "உன்னைப் போல ஒரு உண்மையான தோழி..." தொண்டையைச் செருமினாள். "உண்மையான தோழி எனக்கு இனிமேல் கிடைக்க மாட்டாள்."

"எப்ப எழுதின?"

"செவ்வாய்க்கிழமை."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கேஷியரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அச்சக்காவுக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை.

"முன்னாடி," என்றாள் கேஷியர். "சொன்னா என்னையும் அனுப்பிடுவேன்னாங்க."

"கார்டு வந்துச்சான்னு கேட்டேனே. வரலன்னு சொல்லிட்டு என் தட்டுல சோறு வச்சியே."

"ஆமா."

"சரி," என்றாள் அச்சக்கா.

மேனேஜர் எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கதவருகே இருந்த இரண்டு பேர் மெல்ல நகரப் பார்த்தார்கள். அச்சக்கா திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நாளைக்கு எழுந்து ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தது போர்மேன் ஐயா," என்றாள். "சத்தமா படிங்க ஐயா. எல்லாருக்கும் கேக்கட்டும்."