எதைப் போடணும்?

பெயின்ட் தொழிற்சாலையில் அவளுக்கு அது முதல் நாள். மூன்று மாதப் பயிற்சி. தேறினால் இஞ்சினியர் வேலை, இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். "தெரியலைன்னு மட்டும் காட்டிக்காதே" என்று அக்கா வாசல்வரை வந்து ஓதி அனுப்பியிருந்தாள். அக்காவுக்கென்ன, சொல்லிவிட்டாள். மோட்டாரைப் புத்தகப் படமாகவே பார்த்து முதல் வகுப்பு வாங்கியவளுக்கு, உள்ளே மோட்டாரில் சுழலும் இறக்கைகளோடு இரண்டு ஆள் உயரத்தில் நின்ற பெயின்ட் கலக்கும் தொட்டியைக் கண்டதுமே படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

தொட்டியில் இரண்டு நாளாகக் கரகரவென்று ஒரு சத்தம். "மோட்டாரைப் போட்டுப் பாத்தாத்தான் எங்கேன்னு தெரியும் சார்" என்று காலையில் மெக்கானிக் மேனேஜரிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. இப்போது அவளைச் சுவிட்ச் பலகை முன்னால் நிறுத்திவிட்டு மெக்கானிக் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனார். பக்கத்து மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே குரல் மட்டும் வந்தது.

"போட்டுடும்மா."

அவள் விரல் பச்சைப் பட்டன்மேல் போய் நின்றது. அழுத்தினால் ஆயிற்று. ஆனால் இதைத்தானா என்று ஒரு சந்தேகம். அவமானம் பிடுங்கித் தின்றாலும் வாய் கேட்டுவிட்டது.

"எதை அண்ணே போடணும்?"

"பூட்டைத்தான். ஆணியில தொங்குது பாரு, மெயின் சுவிட்ச அணைச்சு அதுல மாட்டு. நான் தொட்டிக்குள்ள இருக்கேன்ல."

பட்டனிலிருந்து விரலைச் சுட்டதுபோல் எடுத்தாள். பூட்டை மாட்டி முடிப்பதற்குள் அது மூன்று முறை கைநழுவியது.

பாதி வேலையில் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்த மெக்கானிக், அங்கிருந்த இரண்டு பேரிடம் சிரித்தார். "பூட்டைப் போடுன்னா எதைன்னு கேக்குது. இஞ்சினியராம்."

கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் தப்பித்திருக்கலாம். வேலை போனால் போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். "மோட்டாரைப் போடச் சொல்றீங்கன்னு நினைச்சேன் அண்ணே. பட்டன்ல கை வெச்சுட்டேன்."

சிரிப்பு நின்றது. மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பூட்டிட்டுத்தான் நான் உள்ளே இறங்கியிருக்கணும்" என்றார்.

மீதி வேலை கிடந்தது. பூட்டின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். உள்ளே கால் வைக்குமுன் நின்றார்.

"போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன் அண்ணே."

"எதைம்மா?" என்றார். இந்தத் தடவை கேட்டது அவர்.