டாரில் எழுதாத காலைகள்

எங்கள் ஊரின் இணையக் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். முற்றுப்புள்ளி வைக்கத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். எண்ணியிருக்கிறேன்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு குழுவைப் படிப்பேன். காணாமல் போன நாய், விற்பனைக்குக் கோழி, யார் வீட்டில் எத்தனை மில்லிமீட்டர் மழை, யாருடைய மாடு சாலையில் நிற்கிறது. செய்தி எதுவானாலும் எழுத்து ஒன்றுதான். ன வர வேண்டிய இடத்தில் ண. ஒரு வரிக்கு ஏழு ஆச்சரியக்குறி. நாயைக் காணோம் என்று தொடங்கிய வாக்கியம் எங்கும் நிற்காமல் ஓடி, பக்கத்து வீட்டுக்காரரின் இடுப்பு அறுவை சிகிச்சையில் போய் முடியும்.

நானாக ஒரு செய்தியும் போட்டதில்லை. மற்றவர்கள் போட்டதன் கீழே சரியான சொல்லை மட்டும் எழுதுவேன். கூடவே ஒரு நட்சத்திரக்குறி. திட்டுவதில்லை, கேலி செய்வதில்லை. நாகரிகமாகத்தான் நடந்துகொள்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

டாரில் விஷயத்தில் அதை மீறினேன்.

டாரில் மாடு வளர்க்கிறவன். ஐம்பது வயது. ஏழு மைல் ஓடை என்று பெயர் கொண்ட ஓடைக்கு மேலே, மேட்டில் வீடு. ஓடையைத் தாண்டத் தரைப்பாலம் ஒன்றுதான். பிப்ரவரி இங்கே மழைக்காலம், மழை பிடித்தால் அது எந்த நேரமும் மூழ்கும். பாலத்தின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தாலும் பேருந்து போகக் கூடாது, அது விதி. சுற்றிப் போனால் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடுதல். ஓடைக்கு அந்தப் பக்கம் பதினொரு பிள்ளைகள். நான் சுற்றி வருவதென்றால் அவர்கள் ஐந்தரைக்கே எழுந்துகொள்ள வேண்டும்.

பாலத்தில் இருந்த அளவுப் பலகையை ஒரு வெள்ளத்தில் மரம் வந்து அடித்துக்கொண்டு போனது. புதியது இன்னும் வரவில்லை. கரையில் துருப்பிடித்த டிராக்டர் ஒன்று கிடக்கிறது. அதன் அச்சு நனைந்தால் பாலம் நனையும். டாரில் தினமும் காலை ஐந்தேகாலுக்கு மாடுகளுக்குக் கதவு திறக்கப் போவான். ஓடையைப் பார்ப்பான். குழுவில் எழுதுவான். ஆறு வருடமாக எழுதினான். அந்தப் புதன்கிழமை எழுதியது இது:

"தன்னி டிராக்டர் டயர்ல கால்வாசி நிக்குது பாளம் காஞ்சுதான் கெடக்கு ஆனா கலரு சரியில்ல டீ மாரி இருக்கு மேல எங்கயோ நள்ளா ஊத்திருக்கு மத்தியாணம் வந்துரும் புள்ளைங்கல சீக்கிரம் கூட்டியாந்துருங்க!!!!!"

நான் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்கவில்லை. அது காரணமில்லை. கீழே ஐந்து சொற்களைத் திருத்தி எழுதினேன். பிறகு இதையும் சேர்த்தேன்: "முற்றுப்புள்ளி இலவசம், டாரில். எடுத்துக்கொள்."

அறுபத்தொரு பேர் சிரித்தார்கள். நானும் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அன்று பள்ளியில் சொல்லிப் பிள்ளைகளைப் பன்னிரண்டரைக்கே ஏற்றி வந்துவிட்டேன். ஒன்றரைக்கு ஓடை பாலத்தின்மேல் ஏறியது. டாரில் சொன்னபடி.

வியாழக்கிழமை டாரில் எழுதவில்லை.

ஐந்தரை வரை பார்த்தேன். ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது சுற்றிப் போவதென்று முடிவு செய்து, ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் போன் செய்தேன். இரண்டு தாய்மார்கள் என்னிடம் பேசிய விதத்தை இங்கே எழுத முடியாது. இலக்கணப்படி சரியாகவே இருந்தது. மாலையில் அதே வழியாகப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓடையைப் பார்த்தேன். பாலம் வறண்டு கிடந்தது. காலையிலும் அப்படித்தான் இருந்ததாம்.

வெள்ளிக்கிழமையும் எழுதவில்லை. குழுவை நடத்தும் ஷெர்ரி கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு பேக்கரி. பேசும்போது பின்னால் மாவு பிசையும் இயந்திரம் ஓடும்.

"நோலி, என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"அந்த மனுசன் ஆறு வருசமா ஒரு நாள் விடாம எழுதினான். ஓடைக்கு இலக்கணம் தெரியாதுடி. அது பாட்டுக்கு ஏறும்."

"அஞ்சு தப்பு ஷெர்ரி. ஒரே வரியில."

"எனக்குந்தான் எழுத வராது. என்னையும் கொல்லு. பால் வண்டி சுத்திட்டு வந்துச்சு இன்னிக்கு. எட்டு மணி வரைக்கும் கடையில ஒரு காபி கெடையாது. எல்லார்கிட்டயும் உன் பேரைத்தான் சொன்னேன்."

"சரி, நானே எழுதறேன். அவன்கிட்ட போன்ல அளவு கேட்டு நானே போடறேன்."

"நீயா?" இயந்திரத்தை நிறுத்தினாள். "போடு. அழகாத்தான் இருக்கும்."

டாரிலைக் கூப்பிட்டேன். அவன் மறுக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. "என்ன வேணும், அளவா? குச்சி வெச்சு அளந்து சொல்றேன்" என்றான்.

திங்கட்கிழமை ஐந்து இருபதுக்கு என் வாழ்வின் முதல் செய்தியைப் போட்டேன்.

"ஏழு மைல் ஓடை, காலை 5.20. நீர்மட்டம் பாலத்தின் மேல்தளத்திற்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே உள்ளது. போக்குவரத்திற்குத் தடையில்லை."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு குறையும் இல்லை. யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை. ஒருவர் மட்டும் கீழே கேட்டிருந்தார்: "அப்போ போலாமா வேணாமா". கேள்விக்குறி இல்லை. நான் திருத்தவில்லை. அதை அப்போது பெரிய தியாகமாக நினைத்தேன்.

செவ்வாய், முப்பத்தைந்து சென்டிமீட்டர். புதன், முப்பது. இரண்டு நாளும் நானே எழுதி, நானே படித்து, நானே ஓட்டிப் போனேன். செவ்வாய் நன்றாகவே போனது. புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் பதினொரு பிள்ளைகளோடு ஓடைக்கு வந்தேன். பாலத்தைக் காணவில்லை. பழுப்பாகத் தண்ணீர் ஓடியது. டிராக்டரின் இருக்கை மட்டும் தெரிந்தது.

ஒரு பையன் பின்னாலிருந்து, "போக்குவரத்திற்குத் தடையில்லை" என்றான். பேருந்து முழுக்கச் சிரித்தது.

சேற்றுச் சாலையில் ஊர்ந்து சுற்றிப் போனோம். கடைசிப் பிள்ளையை இறக்கியபோது ஆறரை. அவள் ஆறு வயதுக்காரி. காலணி இரண்டையும் கையில் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவள் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வியாழக்கிழமை பேசிய தாய்மார்களே மேல் என்று தோன்றியது.

அங்கிருந்தே டாரிலைக் கூப்பிட்டேன்.

"காலைல தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

"டீ கலரு."

"மத்தியானம் ஏறும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அளவுதானே கேட்ட."

எனக்குக் கோபம் வந்தது. அது வரும் வழியிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்னது சரி.

"போனை வச்சுட்டு நானும் யோசிச்சேன்" என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "புள்ளைங்க இருக்காங்களேன்னு. பத்து மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கல."

பார்த்தேன். ஒரு தவறிய அழைப்பு இருந்தது. அந்த நேரம் நான் குழுவில் யாரோ ஒருவரின் மின்விசிறி விளம்பரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரையில் வந்த அழைப்பை யாரென்று பார்க்காமலே தள்ளிவிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் ஓடை வடிந்துவிட்டது. டாரில் வீட்டுக்குப் போனேன். எலுமிச்சை கேக் ஒன்று செய்து எடுத்துப் போனேன். அவனுடைய நீலச் சாம்பல் நிற நாய் என்னை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேக்கின் பக்கம் நின்றுகொண்டது. டாரில் டீக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்தான்.

"உக்காருங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல."

"தெரியும். டீச்சருங்க எங்களை இவ்ளோ திட்டினதில்ல."

கேக்கை வெட்டினான். ஒரு துண்டை நின்றபடியே தின்றான். நல்லா இருக்கு என்றான். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் எழுதுவதற்கானவை.

"அன்னிக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

"தப்பா ஒன்னும் எழுதலயே நீ. தப்பு எல்லாம் என்னுதுதான்."

"டாரில்."

"அறுவத்தோரு பேரு சிரிச்சாங்க நோலி. அதுல எங்கக்கா ஒருத்தி. பிரிஸ்பேன்ல உக்காந்துக்கிட்டு சிரிக்கிறா."

எழுந்து போய் அலமாரி மேலிருந்து சில தாள்களை எடுத்து வந்து மேசையில் போட்டான். மாட்டுத் தீவனப் பைகளோடு வரும் ரசீதுகள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். ஒவ்வொன்றிலும் தேதி. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அவன் எழுதாத காலைகள் என்று நான் நினைத்த எல்லாக் காலைகளும் அங்கே இருந்தன.

"எழுதினேன். போடத்தான் கை வரல."

படித்தேன். முதல் தாளில் எட்டு வரி, அதில் ஆறு அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் "தண்ணீர் குறைவாக உள்ளது." என்று மட்டும் இருந்தது. முற்றுப்புள்ளி இருந்தது. பென்சிலை அழுத்தி வைத்ததில் தாள் கிழிந்திருந்தது.

அதில் டிராக்டர் இல்லை. நிறம் இல்லை. மத்தியானம் இல்லை. நான் எழுதியதைப் போலவே இருந்தது.

"இப்படி வேணாம்" என்றேன். "பழையபடி எழுது. எப்படி வருதோ அப்படி."

"உனக்குக் கை அரிக்கும்."

"அரிக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். அது சம்மதம் இல்லை.

"நீ கை வைக்கலன்னா மட்டும் ஆச்சா? அத்தனை பேரும் இப்போ நான் என்ன தப்பு விடுவேன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. தண்ணியப் பாக்க மாட்டானுங்க."

"அப்போ என்ன பண்ணலாம்?"

நாய்க்கு ஒரு துண்டு கேக்கைப் போட்டான். எனக்குத் தேநீரை ஊற்றினான். அவன் எதையோ முன்பே முடிவு செய்து வைத்திருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"போடறதுக்கு முன்னாடி நீ பாரு. போட்டப்புறம் பாக்காத."

"திருத்தணுமா?"

"எழுத்தைத் திருத்து. என் பேச்சைத் திருத்தாத. எது எழுத்து எது பேச்சுன்னு உனக்குத் தெரியும்ல? இவ்ளோ படிச்சிருக்க."

தெரியும் என்றேன். அவ்வளவு உறுதியாக இல்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து பதினேழு. ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. டாரில் எனக்கு மட்டும் அனுப்பியிருந்தான்.

"டிராக்டர் அச்சுக்கு ஒரு சான் கீல நிக்குது தன்னி இப்பொ போலாம் தவலை சத்தம் ராவெல்லாம் கேக்கல அது நள்ளதுக்கில்ல மலைக்கு அந்தாண்ட இருட்டா இருக்கு ரெண்டு மனிக்குல்ல ஏரிடும் புள்ளைங்கல மத்தியானமே கூட்டியாந்துரு நோலி!!!!!!"

ஒன்பது பத்து இடம் கண்ணில் பட்டது. தவளைக்கு ள போட்டேன். சாணுக்கு ண, கீழுக்கு ழ. மணிக்கும் ஏறுவதற்கும் உரிய எழுத்தைத் தந்தேன். மூன்று இடங்களில் வாக்கியத்தை நிறுத்தினேன். 'ராவெல்லாம்' என்பதன் மேல் விரல் போனது. விரலை எடுத்துக்கொண்டேன். 'அந்தாண்ட' என்பதைத் தொடவே இல்லை. ஆச்சரியக்குறிகளில் ஐந்தை நீக்கி அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன் வந்தது.

"என் குறிங்க எங்க?"

"ஒன்னு போதும் டாரில்."

"மலைப் பக்கம் எப்படி இருட்டியிருக்கு தெரியுமா? ஒன்னு எப்படிப் போதும்?"

"ரெண்டு."

"நாலு."

"மூணு. அதுக்கு மேல எனக்கு உடம்பு தாங்காது."

சிரித்தான். ஐந்து இருபத்து நாலுக்குக் குழுவில் வந்தது, மூன்று குறியோடு. ஷெர்ரி முதலில் இதயம் போட்டாள். பிறகு வரிசையாக நாற்பது பேர். யாரோ ஒருவர், "டாறில் திறும்பி வந்தாச்சு" என்று எழுதினார். அதைப் படித்தேன். ரொட்டியைத் தின்று முடித்தேன். சாவியை எடுத்துக்கொண்டு பாலத்து வழியாகப் புறப்பட்டேன்.

பள்ளியில் இறக்கும்போதே சொல்லிவிட்டேன். பன்னிரண்டே காலுக்குப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பாதி நாள் விடுமுறையின் சந்தோஷத்தில் ஒருவரும் இருக்கையில் உட்காரவில்லை. ஓடைக்கு வந்தபோது பாலம் வறண்டிருந்தது. தண்ணீர் நான்கு விரல் கீழே, டீ நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. முதல் கியரில் மெதுவாகக் கடந்தேன்.

மேட்டில் டாரில் தன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சக்கரம் கரை ஏறியதும், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினான். நானும் தூக்கினேன்.

ஆறு வயதுக்காரியின் வீட்டு வாசலில் ஒன்றேகாலுக்கு நிறுத்தினேன். அவள் விழித்திருந்தாள். காலணிகள் காலில் இருந்தன. அம்மா வெளியே வந்து, "டாரில் எழுதினதைப் பாத்தேன். சோறு ரெடியாத்தான் இருக்கு" என்றாள்.