கடைசிக் கப்பலின் முத்திரை

அண்டார்டிகா ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் வெற்றிச்செல்வனைக் காணவில்லை என்று செய்தி வந்தபோது, நான் எங்கள் ஊர் சாரத்தில், வீட்டில் அஞ்சல் உறைகளை விரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்களின் முத்திரை குத்திய உறைகள். அவற்றைச் சேர்ப்பதுதான் எனக்குப் பைத்தியம்.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டவன் அவரோடு வேலை செய்யும் இனியவன்.

"அண்ணி, அண்ணன் காலைல கப்பலுக்குப் போனாரு. பனிப்புயல் புடிச்சிக்கிச்சு. வண்டி இன்னும் திரும்பல."

"கப்பல்ல அவருக்கு இன்னா வேல?"

"உங்க கவருங்கதான் அண்ணி. கடைசிக் கப்பல் இன்னிக்குக் கிளம்புது. சீல் போட மறந்துட்டேன், மாலா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவான்னு ஓடினாரு."

போன பயணத்தில் முத்திரை கோணலாக விழுந்ததற்கு, அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்காமல் அழவிட்டவள் நான். இந்த முறையும் உறைக்கட்டைக் கையில் திணித்து வாசல்வரை பாடம் நடத்தினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியாதா.

வெளியே மாசி வெயில் கொளுத்தியது. அவர் அங்கே விறைத்துக் கிடக்கிறாரோ என்று நினைத்ததும் மின்விசிறிக் காற்று பொறுக்காமல் அணைத்தேன். பக்கத்து வீட்டு அமுதவல்லி அக்கா சாப்பிட்டாயா என்று எட்டிப் பார்த்தார். எரிந்து விழுந்தேன். அவர் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார்.

இனியவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "தேடப் போயிருக்காங்க அண்ணி" என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சில்லை. பிறகு எடுப்பதையும் நிறுத்திவிட்டான். உயிரோடு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தெரிந்த சாமியையெல்லாம் கெஞ்சினேன்.

சாயங்காலம் போன் அடித்தது.

"மாலா."

அவர் குரல்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகச் சொன்னார்.

"கவருக்கு ஒண்ணும் ஆவல மாலா. வண்டி பள்ளத்துல எறங்கி, உள்ள பனி பூந்துடுச்சு. நனைஞ்சிடப் போவுதுன்னு கையுறைய அவுத்து அதுக்குள்ள சொருகி வச்சேன்."

பின்னால் இனியவன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எந்தெந்த வெரல எடுக்கணும் சார்?"

"ஏங்க, கை எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.



"கோவம் இல்லியே மாலா?" என்றார்.