மூலையில் முழந்தாளிட்டவர்

1976ஆம் ஆண்டில் மெல்பேர்னில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் மிகுந்த ஒற்றுமையோடு வாழ்ந்தார்கள். பிரிந்துபோக ஆள் போதவில்லை. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், அங்கிலிக்கன் எல்லாரும் மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் நோபல் பார்க்கில் ஓர் இரவல் மண்டபத்தில் கூடி, ஒன்றாகச் செபித்து, கட்லட் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

மண்டபச் சுவரில் ஒரு படம் தொங்கியது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஃபிளாண்டர்ஸ் நாட்டில் யாரோ வரைந்த பக்தி ஓவியத்தின் அச்சுப் பிரதி. ஒரே நிலத்தில் மூன்று காட்சிகள். இடப்பக்கம் தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்கிறார். நடுவில் பாலன் பிறந்திருக்கிறார். வலப்பக்கத்து மலைப்பாதையில் கழுதை எகிப்துக்குப் போகிறது. கீழ்மூலையில் கறுப்பு அங்கி அணிந்த பருத்த மனிதர் ஒருவர் முழந்தாளிட்டுக் கைகூப்பியிருந்தார். அவர் எந்த அப்போஸ்தலர் என்பதில் சபையில் இரண்டு கட்சிகள் இருந்தன. எவராக இருந்தாலும் இருக்கட்டும் என்று கத்தோலிக்கர் அவருக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கூரை ஒழுகிப் படம் ஊறிப்போனது. புதிதாக வரையப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டார்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, நகரத்துப் பெரிய கடையொன்றின் கண்ணாடி அலங்காரத்துக்குப் பின்திரை வரைந்துகொண்டிருந்த இந்துப் பெண். அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆளும் அவள்தான்.

"இவரு அப்போஸ்தலர் இல்லீங்க. படம் வரையச் சொன்ன ஆளு. கம்பளி வியாபாரி மாதிரி இருக்காரு. அப்பல்லாம் செலவு பண்ணுறவங்களையும் மூலையில சேர்த்துக்குவாங்க."

இத்தனை மெழுகுதிரியும் ஒரு வியாபாரிக்கா என்று சபை திகைத்தது. திகைக்காதவர் ஒருவர்தான்: சாமுவேல் இரத்தினசிங்கம். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

இலங்கையில் அவர் நீர்ப்பாசன இலாகாவின் பெரிய எஞ்சினியர். ஜீப்பைவிட்டு அவர் இறங்கினால் மூன்று ஓவர்சியர்மார் குடை பிடித்தார்கள். மெல்பேர்னில், மற்றவர்கள் கீறிய வரைபடங்களில் கோடு கோணலா என்று பார்க்கும் உத்தியோகம். இருபத்தாறு வயது மேலதிகாரி அவர் பெயரைச் சுருக்கி 'ராட்டி' என்று கூப்பிட்டான். மாதத்தில் ஒரு பிற்பகல், அந்த மண்டபத்தில் மட்டும், அவர் இன்னும் எஞ்சினியராக இருந்தார். கதிரை வரிசையைத் திருத்தினார். கட்லட் ஆறியிருந்தால் அதைக் கூட்டக்குறிப்பில் பதியவைத்தார். அந்த இரண்டு மணி நேரமும் போனால் அவரிடம் மிஞ்சுவது ராட்டி மட்டும்தான்.

"படத்தின்ரை செலவை நான் பொறுப்பெடுக்கிறன்," என்றார். "கீழை 'அன்பளிப்பு' எண்டு போட்டு, என்ரை பேரையும் பட்டங்களையும் எழுதிவிடும், பிள்ளை."

ஊர்த் தேவாலயத்துக்கு அவர் கொடுத்திருந்த டியூப் லைட்டில், பெயருக்கும் பட்டங்களுக்கும் போக எஞ்சிய இடத்தால்தான் வெளிச்சம் வந்தது.

"பேரெல்லாம் கிடையாது, அங்கிள். அந்த வியாபாரி பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா? முகந்தான் பேரு."

அவர் யோசித்தார். "ஓம், முகம் மட்டும் காணும். என்ரை முகம் தெரியாதவன் ஆர்?"

சனிக்கிழமை அவளுடைய கராஜுக்குக் கோட்டும் டையுமாக வந்துசேர்ந்தார். மனைவி சந்திரவதனாவும் கூட வந்தார்.

"முட்டி போடுங்க, அங்கிள்."

"நான் நிக்கிறன். அதுதான் எடுப்பாயிருக்கும்."

"நிக்கிறவங்க தேவதூதருங்க."

"அப்ப கதிரையிலை இருக்கிறன்."

"உட்கார்ந்திருக்கிறது மாதா."

சந்திரவதனா வாயைப் பொத்திச் சிரித்தார். "முப்பது வருசத்திலை இவர் முழந்தாள்படியிட்டு நான் காணேல்லை, பிள்ளை. கடவுளோடையும் கதிரையிலை இருந்துதான் கதைக்கிறவர்."

தலையணை ஒன்று வந்தது. முதல் சனிக்கிழமை அவர் முழந்தாளிட்டபடி புஷ்பவல்லிக்கு எப்படி வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது சனிக்கிழமை தான் கட்டிய அணைக்கட்டைப் பற்றிப் பேசினார். மூன்றாவது சனிக்கிழமை முழங்கால் வலியில் பேச்சே வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் முகத்தை வரைந்தாள்.

பழைய ஓவியர்களின் வழக்கப்படி எதையும் மறைக்கவில்லை. மூக்கோரத்து மரு இருந்தது, இரட்டை நாடி இருந்தது, காதில் வளர்ந்த மயிர்கூட இருந்தது.

திறப்பு விழா நடந்தது. எல்லாரும் கழுதையைப் புகழ்ந்தார்கள். இரத்தினசிங்கம் அதே கோட்டோடு படத்தின் அருகே நின்று காத்திருந்தார். அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த ராஜகுமாரி என்ற மலேசியாவின் கிள்ளான்காரப் பெண்மணி, மூலையில் இருந்தவருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினார்.

"என்ன சாந்தமான முகம்! யாரு சார் இவரு? சூசையப்பரா?"

"வடிவாப் பாருங்கோ," என்று இரத்தினசிங்கம் நாடியை உயர்த்தினார்.

ராஜகுமாரி படத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார்.

"தெரியலையே. நீங்க அந்த நாற்காலிங்களக் கொஞ்சம் நகத்திப் போடுங்க சார். பெரியவங்க கும்பிட வர்றாங்க."

தெரிந்தவர்களின் தீர்ப்பு இதைவிட மோசம். 'எஞ்சினியராம், ஆனால் சாயல் வாய்க்கேல்லை' என்று கட்லட்டைக் கடித்தபடி முடிவுசெய்தார்கள். மருவை எல்லாரும் அடையாளம் கண்டார்கள். மரு இருந்த முகத்தைத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் புஷ்பவல்லியைப் பிடித்தார். "பிள்ளை, என்ரை சாயல் வரேல்லை எண்டு சனம் கதைக்குது."

"வந்திருக்கு, அங்கிள். பேசாம இருந்தா நீங்க அப்படித்தான் இருக்கீங்க."

அடுத்த மாதம் அவர் ஓர் எஞ்சினியருக்குரிய தீர்வோடு வந்தார். செபம் தொடங்கியதும் படத்துக்கு நேர்கீழே, படத்தில் இருந்த அதே கோணத்தில், தலையணை போட்டு முழந்தாளிட்டு, கைகூப்பி, வாயை மூடிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியும் வைத்தார். பின்வரிசையில் யாரோ "அட!" என்றார்கள். அதற்கடுத்த மாதம் அந்த "அட" மூன்று வரிசைகளுக்குப் பரவியது. ராஜகுமாரி வந்து மன்னிப்புக் கேட்டார். நான்காம் மாதம் சந்தேகப்பட ஒருவர்கூட மிஞ்சவில்லை. காரியம் முடிந்தது.

அன்றும் முழந்தாளிட்டார். செபம் முடிந்து சனம் தேநீருக்குக் கிளம்பியது. கதிரைகள் கோணல்மாணலாகக் கிடந்தன. அவர் எழும்பவில்லை.

சந்திரவதனா பக்கத்தில் வந்து குனிந்தார். "இஞ்சருங்கோ, எல்லாரும் போட்டினம். இனி ஆரும் பாக்கேல்லை."

"தெரியும்."

"முழங்கால் பிடிச்சிட்டுதோ?"

"இல்லையப்பா. நீர் போய்ச் சாப்பிடும். நான் வாறன்."

சந்திரவதனா இரண்டு கட்லட்டை ஒரு தட்டில் எடுத்துவைத்து இன்னொரு தட்டால் மூடினார். கோணலாகக் கிடந்த கதிரைகளைத் தாண்டி இரத்தினசிங்கம் வந்து சேர்ந்தபோது கட்லட் நன்றாக ஆறிப்போயிருந்தது. இரண்டையும் சாப்பிட்டார். கூட்டக்குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.