சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

வெள்ளளத்தில் ஒரு வீட்டின் பேட்டரி செத்துப்போனால், அந்த வீட்டில் யார் உடம்பில் உப்பு அதிகமோ அவர் அதன் இடத்தில் உட்காருவார். சிவப்புக் கிளிப் இடது கைப் பெருவிரலில், கறுப்புக் கிளிப் வலது கைப் பெருவிரலில். உப்பளத்து ஊர் என்பதால் இதற்கு ஆள் பஞ்சம் வந்ததில்லை. கொம்பையா முப்பத்தைந்து வருடம் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். கரண்ட் போனால் அவர் வீட்டில் இரண்டு காற்றாடி, மூன்று விளக்கு, ஒரு மிக்ஸி எல்லாம் அவர் மேல்தான் ஓடும். மிக்ஸி ஓடும்போது மட்டும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்வார்.

கிளிப்பை மாட்டி உட்கார்ந்துவிட்டால் உள்ளே நடப்பது அவருக்குக் கேட்கும். அளத்துப் பெண்கள் உப்புக் கூடையோடு அம்பாரக் குவியல் மேல் ஏறி இறங்குகிற காலடி மாதிரி ஒரு சத்தம். உடம்பில் கோடிக்கணக்கான அறைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு காவல்காரன். சோடியம் மூன்று பேரை வெளியே அனுப்பினால்தான் பொட்டாசியம் இரண்டு பேரை உள்ளே விடுவான். கறாரான பயல். இந்தப் போக்குவரத்தில்தான் மனுசன் நடக்கிறான், நினைக்கிறான், பொண்டாட்டியிடம் வாக்குவாதம் பண்ணுகிறான். சாயங்காலம் வெள்ளத்தாய் கல்லுப்புப் போட்ட நீராகாரமும் ஒரு இளநீரும் கொடுத்தால், விளக்குக்குள் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள். வெள்ளத்தாய் அவர் மனைவி. இருபத்தாறு வருடமாக அவருக்கு உப்புப் போடுகிறவள்.

அவர்களுக்கு ஒரே மகள், சண்முககனி. அவளுக்குக் கல்யாணம் கூடியது.

அந்த ஊரில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவன் அவள் கையைப் பிடித்து, சபையில் எல்லார் காதிலும் விழும்படி அவள் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கொடுத்தால் அவள் மருமகள். பெயர் சொல்லாமல் கொடுத்தால் அவள் சீர்வரிசை. பீரோ, கட்டில், அண்டாவோடு சேர்த்தி. அப்படி யாரும் கொடுத்ததில்லை. பெற்ற பிள்ளை பெயரா ஒருவனுக்கு மறக்கும்?

முகூர்த்த நாளும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. கல்யாணத்துக்கு வெளிச்சம் தருவது பெண் வீட்டார் பொறுப்பு. ஆகவே கொம்பையா பட்டுவேட்டி கட்டி, மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறு டியூப்லைட், மைக் செட், எட்டுக் காற்றாடி, ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. ஐஸ்கிரீம் பெட்டியை மாட்டியபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் கல்யாணம் என்பதால் வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பத்து மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் பழவேசம் தாம்பாளத்தோடு வந்தான். பக்கத்து ஊரில் பேட்டரி கடை வைத்திருப்பவன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன் நடுவே ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன்.

"அண்ணாச்சி, எங்க பக்கத்து முறை இது. பேட்டரிக்குச் சம்பந்தி வீட்டுத் தண்ணி ஊத்தணும். ஒரு பொட்டு உப்பு கிடையாது. அம்புட்டுச் சுத்தம்."

கொம்பையா கேனைப் பார்த்தார். வேறு யாராவது நீட்டியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். சம்பந்தி வீட்டார் தாம்பாளத்தில் வைத்து நீட்டினால் விஷமானாலும் ஒரு மடக்காவது குடிப்பதுதான் வெள்ளளத்து மரியாதை. மிச்சம் வைத்தால் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மிச்சம் மீதிதான் கிடைக்கும் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆகவே அவர் மிச்சம் வைக்கவில்லை. பழவேசம் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தான். அவன் மனசில் கள்ளமில்லை என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஊர் எதைத்தான் சொல்லவில்லை.

விளக்குகள் ஆடாமல் எரிந்தன. கொம்பையாவுக்குள் காலடிச் சத்தம் மெலிந்துகொண்டு வந்தது. கூடைக்காரிகள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள், பிறகு இடுப்புத் தண்ணீரில். காவல்காரர்கள் வாசலில் சும்மா நின்றார்கள்.

முதலில் அளத்து முதலாளியின் பெயர் போனது. அதில் அவருக்கு நஷ்டமில்லை. அடுத்து, தான் பிறந்த தெரு போனது. பிறகு செத்துப்போன அண்ணன் முகம். பதினொரு மணிக்கு மணப்பெண் ஆசீர்வாதம் வாங்க வந்தபோது அவர் மகளின் பெயரை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"தாயி, ஒன் பேரு போயிக்கிட்டு இருக்கு."

"எவ்வளவு மிச்சம்யா?"

"கனி இருக்கு. முன்னால என்னமோ இருந்துச்சே, அது மைக் செட்டுக்குப் போயிட்டு."

அவள் மாலையோடு குனிந்து அவர் கையைப் பிடித்தாள். கிளிப் இடித்தது. "இன்னும் அரை மணிதான்யப்பா. அதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோ. கனின்னு சொன்னாலும் நான் மருமகதான்."

பந்தியில் நின்ற வெள்ளத்தாயைக் கூப்பிட்டாள். அவள் இலையில் வைக்கிற உப்புக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து அவர் நாக்குக்குக் கொண்டுபோனபோது மாப்பிள்ளையின் தாய் குறுக்கே வந்து கையைத் தடுத்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, தண்ணி ஊத்தின பேட்டரியில உப்பப் போடுதீகளே. பிளேட்டு போயிராது? லைட்டு அணைஞ்சா எங்க ஆளுக இலையில இருந்து எந்திரிச்சிருவாக. பெறவு என்னையச் சொல்லக் கூடாது."

"அப்ப அந்த ஐஸ்கிரீம் பெட்டியவாவது நிப்பாட்டுங்க. அவருக்குத் தாங்கல."

"உருகிருமே" என்றாள் மாப்பிள்ளையின் தாய். "இருநூறு கப்பு."

வெள்ளத்தாய் கணவனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எந்திரிச்சுப் போன மாப்பிள்ளை வீட்டாரை ஊர் திரும்ப அழைத்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. சிட்டிகை உப்பைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டுப் பந்திக்குத் திரும்பினாள். சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று அன்று பல பேர் குறைப்பட்டார்கள்.

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். கனி, கனி, கனி. உதடு மட்டும் அசைந்தது. பெட்டி ஒரு தடவை உறுமி ஓடத் தொடங்கியது. அந்த உறுமலில் அதுவும் போனது.

நீளமான ஒயரோடு அவரை மேடைக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்கள். மைக் அவர் வாய்க்கு நேரே வந்தது. பெரியவர் ஒருவர் சொன்னார்: "பொண்ணு பேரைச் சொல்லுங்க, அண்ணாச்சி."

கொம்பையா அந்தக் கையைப் பார்த்தார். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையோ கேட்டது. என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. கேட்கிற பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இருந்தது.

"நீ யாரு பெத்த பிள்ளையோ தாயி. மவராசியா இரு."

மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. அவள் மட்டும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள். பெரியவர் கல்யாண நோட்டில், மருமகள் என்ற பத்தியைத் தாண்டி, பாத்திரங்கள் இருந்த பத்தியில் அண்டாவுக்குக் கீழே பெயரில்லாமல் ஒரு கோடு போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. ஐஸ்கிரீம் கல் மாதிரி இருந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

மத்தியானம் சீர்வரிசையை வண்டியில் ஏற்றினார்கள். பீரோ, கட்டில், அண்டா. பழவேசம் கடைசியாக வந்து, கடையில் புது பேட்டரிக்குச் செய்கிற மாதிரி, பெண்ணின் இரண்டு பெருவிரலிலும் வாசலின் தடவினான். முன்கையில் வெள்ளை பெயின்டால் அன்றைய தேதியை எழுதி, ஊதிக் காயவைத்தான்.

"மாப்பிள்ளையோட தாத்தா பங்குனியில தவறிட்டாரு" என்றான் அவளிடம். "அன்னையிலருந்து வீடே இருட்டு."

பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையே அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். வெள்ளத்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். கிளிப் கழற்றிய கையைத் தேய்த்துக்கொண்டே கொம்பையா வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். யார் வீட்டுச் சாமானோ தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த வேலையில் தப்பு நடந்தால் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. பெண்ணின் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தார்.

"மெதுவாப் போப்பா" என்றார் டிரைவரிடம். "புதுசு. சாஞ்சா கொட்டிரும்."